நந்தகுமார் போட்ட கேள்விக்குறிகள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். விருத்தாசலத்தில் எங்கள் பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். "பானுமதி டீச்சரா? ஐயய்யோ!" என்றுதான் ஆரம்பிக்கும். அதிலும் நான் பெண்ணாடத்திலிருந்து வருகிற காலை பஸ் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நாள் என்றால், முதல் பீரியட் பிள்ளைகள் பாவம்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தமிழாசிரியர்களுக்குக் கடலூரில் ஒரு பயிற்சி வைத்தார்கள். பிள்ளைகள் தங்கள் சொந்த அனுபவத்தை எழுத வேண்டுமாம். எழுதியதை இன்னொரு பிள்ளை படிக்க வேண்டுமாம். படித்த பிள்ளை சொல்வதை வைத்து எழுதிய பிள்ளை திருத்தி எழுத வேண்டுமாம். "நீங்க குறுக்க போகாதீங்க" என்று எங்களுக்கு ஒரு புத்திமதி வேறு. குறுக்கே போகாமல் இருப்பதற்கா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? ஆனால் அன்றைக்கு மதியச் சாப்பாடு பிரமாதம். அந்த நன்றிக்காவது ஒரு தடவை செய்து பார்ப்போம் என்று பிளஸ் ஒன் வகுப்பில் ஆரம்பித்தேன்.

"உங்க வாழ்க்கையில மறக்க முடியாத ஒரு நாளப் பத்தி எழுதுங்க. நடந்தத எழுதுங்க" என்றேன். எழுதினார்கள். வாங்கிப் படித்த எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. பிரவீன்குமார் என்று ஒருவன், சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்த கதையை எழுதியிருந்தான். முன்னுரை என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு. கீழே, 'மிதிவண்டி மனித வாழ்வுக்கு இன்றியமையாதது.' பல் உடைந்தது நடுவில் ஒரே ஒரு வரி. முடிவுரையில், 'ஆகவே நாம் அனைவரும் சாலை விதிகளை மதித்து நாட்டை வல்லரசாக்குவோமாக.' ஆன் மேரி தன் நாய்க்குட்டி செத்துப்போனதற்குக் குறிப்புச் சட்டகம் போட்டிருந்தாள். அந்தப் பிள்ளை உண்மையிலேயே அழுதுகொண்டு எழுதியிருக்கிறாள், தாளில் மை கலைந்திருந்தது. அப்படியும் சட்டகத்தை விடவில்லை. பத்து வருஷமாக நாங்கள் திணித்தது, லேசில் போகுமா?

சரி, பக்கத்தில் இருக்கிறவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்றேன். அவ்வளவுதான், எல்லார் பைக்குள்ளிருந்தும் எங்கிருந்துதான் வந்ததோ, சிவப்புப் பேனா வந்துவிட்டது. ஒவ்வொன்றும் வாத்தியாராகிவிட்டது. 'நன்று', 'மிக நன்று', 'கையெழுத்தைத் திருத்துக', பத்துக்கு ஒன்பது, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. நண்பர்கள் ஒருவருக்கொருவர் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். சண்டைக்காரர்கள் முட்டை போட்டுக்கொண்டார்கள். பிரவீன்குமாரின் தாளில் ஒருத்தன், 'இவன் புளுகுறான். அன்னைக்கு நானும் கூட இருந்தேன். இவன் விழவில்லை, நான்தான் தள்ளினேன்' என்று எழுதியிருந்தான். அந்தச் சள்ளையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் சிவப்புப் பேனாக்களையெல்லாம் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். "இனிமே பென்சிலு மட்டும்தான். நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாது. மார்க்கு கூடாது. படிக்கிறப்ப எங்க உங்களுக்குப் புரியலியோ அங்க ஒரு கேள்விக்குறி போட்டு, என்ன புரியலன்னு கேளுங்க. எழுதினவங்க வாயால பதில் சொல்லக் கூடாது. அடுத்த தடவ எழுதுறப்ப எழுத்துல சொல்லணும்" என்றேன். இது கடலூரில் சொல்லிக்கொடுத்தது இல்லை. வாயைத் திறக்க விட்டால் இதுகள் அடித்துக்கொண்டு சாகும் என்ற பயத்தில் நானே போட்ட சட்டம்.

செல்வநாயகியைப் பற்றிச் சொல்லவேண்டும். வகுப்பிலேயே நன்றாக எழுதுகிற பிள்ளை அவள்தான். முத்து முத்தான கையெழுத்து. அதிகம் பேசமாட்டாள். அம்மா அம்சவல்லி பீங்கான் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். இந்த ஊரில் கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு ஷெட்டு, ஒரு சூளை, பத்துப் பேர் வேலை செய்தால் அதுதான் கம்பெனி. அப்பா இல்லை என்று பள்ளிப் பதிவில் இருந்தது. செத்துப்போனாரா எங்கேயாவது போனாரா என்று நான் கேட்டதில்லை.

அவள் எழுதியதில் முன்னுரையும் இல்லை முடிவுரையும் இல்லை. நேராக ஆரம்பித்திருந்தாள்.

'நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, கார்த்திகைக்கு முன்னால் ஒரு நாள், அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு ஓடினேன். அன்று சூளை ஏற்றும் நாள். சூளைக்குப் போவதற்காக அகல் விளக்குகளைப் பலகையில் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஓடிய வேகத்தில் என் கை பட்டுப் பலகை சாய்ந்தது. எல்லா விளக்குகளும் உடைந்துவிட்டன. அப்பா இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னை அடிக்கவில்லை. திட்டவில்லை. என் தலையைத் தொட்டுவிட்டு வெளியே நடந்தார். அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.'

கடைசிப் பத்தி இன்னும் மோசம். 'என் கையால்தான் எங்கள் குடும்பம் இப்படி ஆனது. அதனால் இந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு வேலைக்குப் போகப்போகிறேன். கெடுத்தவள்தான் சரிசெய்ய வேண்டும்.'

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு அழுதேன். பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர் என் மாமியாருக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, "என்னாடி இது, படிப்ப நிறுத்துறேன்னு எழுதியிருக்க? காலை ஒடச்சிடுவேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மார்ச்சு பரீட்சை முடிஞ்சதும் டீசி வாங்கிக்கிறேன் டீச்சர். அம்மாகிட்ட இன்னும் சொல்லல" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். கல்லில் நார் உரிக்கிற கதைதான். கோபமும் வருத்தமுமாக எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் தாள் படிப்பதற்காக நந்தகுமாரிடம் போயிற்று. யார் தாள் யாரிடம் என்று நான் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தேன். நந்தகுமார் என்றால் மற்ற ஆசிரியர்கள் எல்லாருக்கும் தலைவலி. மார்க் வாங்கமாட்டான், அது ஒரு பக்கம். அவன் வாயைத் திறந்தால் "ஏன்?"தான். விலங்கியல் சார் தவளைக்கு மூன்று அறை இதயம் என்று சொன்னால், "ஏன் சார், நாலாவது எதுக்கு வேணாம்னு வுட்டுச்சு?" என்பான். வேண்டுமென்றே செய்கிறான் என்று எல்லாரும் அடித்துப் பார்த்துவிட்டார்கள். நானும்தான் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அவன் அங்கே நின்றுகொண்டும் கேட்பான்.

மறுநாள் இடைவேளையில் செல்வநாயகி என் முன்னால் வந்து தாளை மேசைமேல் போட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே அன்றைக்குத்தான். "எங்கப்பா சட்டையக் கிண்டல் பண்றான் டீச்சர். என் கதைய யாரும் படிக்க வேணாம். குடுத்துடுங்க, கிழிச்சிப் போட்டுடறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "கூப்புடு அவன" என்று கத்தினேன். அவன் வருவதற்குள் தாளைப் பார்த்தேன். மூன்று இடத்தில் மெல்லிசாகப் பென்சிலால் கேள்விக்குறி. 'எல்லா விளக்குகளும் உடைந்துவிட்டன' என்ற இடத்தில், 'வெந்ததா, வேகாததா?' நீலச் சட்டைக்குப் பக்கத்தில், 'சூளை ஏத்துற நாளில் இஸ்திரி சட்டை ஏன்?' கடைசியில், 'அம்மா என்ன சொன்னாங்க?'

நந்தகுமார் வந்து நின்றான். நான் கையை ஓங்கிவிட்டேன். "என்னாடா இது? ஒரு பொண்ணு மனசு நொந்து எழுதியிருக்கா, நீ சட்டை எதுக்குன்னு கேக்குற?"

அவன் நகரவில்லை. "கிண்டல் இல்ல டீச்சர். எனக்கு நெசமாவே புரியல. எங்கப்பாவும் சூளை ஏத்துறவருதான். ஏத்துற அன்னிக்குக் கைலியும் கிழிஞ்ச பனியனும்தான் போட்டுக்கிட்டுப் போவாரு. திரும்பி வரப்போ தலையிலேர்ந்து கால்வரைக்கும் மண்ணா இருக்கும், எங்கம்மா வூட்டுக்குள்ளயே வுடாது. அன்னிக்குப் போயி யாராச்சும் பேண்ட்டு சட்டை போடுவாங்களா? அதான் கேட்டேன்."

ஓங்கின கை அப்படியே நின்றது. நான் கரும்புக் காட்டில் பிறந்தவள். சூளை ஏற்றும் நாளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவன் சொல்லி முடித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மனிதர் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. எங்கேயோ கிளம்பி நின்றிருக்கிறார். பலகை சாய்வதற்கு முன்னாலேயே கிளம்பி நின்றிருக்கிறார்.

"மொதக் கேள்வி?" என்றேன்.

"வெந்த வெளக்குன்னா ஒடஞ்சா போச்சு டீச்சர், குப்பைலதான் கொட்டணும். வேகாததுன்னா தொட்டியில போட்டு ஊற வெச்சா திரும்ப மண்ணாயிடும். மறுநா திருப்பி வார்த்துடுவாங்க. எங்க வூட்டுப் பக்கம் தெனம் நாலு ஒடையும். அதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரி டீச்சர். கேள்விதான கேக்கணும். நான் அவ்ளோதான்."

அவன் செல்வநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பதில் சொல்லவேண்டும் என்று நிற்கவும் இல்லை. போய்விட்டான். வேறு யார் படித்திருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல்தான் சொல்லியிருப்பார்கள். நானும் 'அருமை, அழவைத்துவிட்டாய்' என்றுதான் மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன். ஒருத்தன்தான் அவள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிப் படித்திருக்கிறான். நம்பிப் படித்ததால்தான் அவனுக்கு இடித்திருக்கிறது. அந்தப் பயலை அப்போதே கூப்பிட்டுக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

செல்வநாயகி தாளை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அவளும் இந்த ஊர்ப் பெண்தான். வேகாத மண் கரையும் என்பது அவளுக்குத் தெரியாதா? தாயார் கையில் தினமும் பார்க்கிற விஷயம். ஆனால் இரண்டாம் வகுப்பில் மனதில் விழுந்ததைப் பெரியவளான பிறகு எடுத்துப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்?

"டீச்சர், மூணாவதுக்கு எனக்குப் பதில் தெரியாது" என்றாள்.

"ஏன்?"

"அம்மாகிட்ட நான் கேட்டதே இல்ல. கேட்டா, நீதான்டி காரணம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்."

"கேட்டு எழுது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தலைமையாசிரியர் ஆதிநாராயணன் சார் வகுப்புப் பக்கம் வந்து, "பரீட்சைக்கு வராத விஷயத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு? போர்ஷன் முடிங்க" என்றார். மனுஷர் நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு என் நிலைமைக்கு அவரைப் பார்த்தாலே எரிந்தது. "முடிச்சிடறேங்க சார்" என்று பல்லைக் கடித்தேன். மதியம் நந்தகுமார் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். கையில் ரப்பர். "டீச்சர், அந்தத் தாள் அவகிட்ட இருக்குதா, உங்ககிட்ட இருக்குதா? நான் எழுதுனத அழிச்சிடட்டுமா? அவ வராம இருக்கறதுக்கு நான்தான் காரணமா?"

"ஒண்ணும் அழிக்க வேணாம். போயி பாடத்தப் படி" என்று விரட்டினேன். அவன் போனபிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பெண் ஏதாவது செய்துகொண்டிருந்தால்? வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் விலாசம் வெறும் தெருப் பெயர்தான். நாளைக்கும் வரவில்லை என்றால் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கித் தேடிவிடுவது என்று தீர்மானித்தேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. மறுநாளும் பகலெல்லாம் அவளைக் காணோம். சாயங்காலம் கடைசி மணி அடித்து, வகுப்பறையில் நான் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கும்போது அவர்களே வந்தார்கள். செல்வநாயகி முன்னால். பின்னால் அம்சவல்லி, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார் போலும், முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தால் ரொம்ப அழுது ஓய்ந்த முகம்.

செல்வநாயகி புதுத் தாளை நீட்டினாள். நின்றுகொண்டே படித்தேன்.

'விளக்குகள் வேகாதவை. அவற்றைத் தொட்டியில் போட்டு ஊறவைத்து, அதே கம்பெனியில் வேலை பார்த்த அம்மாவே மறுநாள் திரும்ப வார்த்துவிட்டார்களாம். இதை நந்தகுமார் கேட்ட பிறகுதான் நான் அம்மாவிடம் கேட்டேன். அப்பா அன்று வேலைக்கு வரவில்லை. அவர் பெட்டி முந்தின நாளே சேத்தியாத்தோப்பில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டது. கம்பெனியில் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தார். நான் ஓடி வந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. நான் ஓடி வராமல் இருந்திருந்தால், என் தலையைத் தொடாமலேயே போயிருப்பார். பலகை சாய்ந்தது என்னால். அப்பா போனது என்னால் இல்லை.'

அதோடு முடிந்திருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். வேலைக்குப் போவதாக எழுதியிருந்த கடைசிப் பத்தியைக் காணோம்.

"டீசி?" என்றேன்.

"வேணாம் டீச்சர். நான் படிக்கிறேன்" என்றாள். சொல்லும்போதே சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். என் புடவையெல்லாம் நனைந்தது, நனையட்டும்.

அம்சவல்லி அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஒம்பது வருசமா இத வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டு இருந்திருக்குது டீச்சர். எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே பாயில படுக்கிறோம், ஒரே சோத்தத் தின்றோம். கேக்கணும்னு எனக்குத் தோணலியே. ரெண்டு நாளா ரெண்டு பேரும் வூட்டுலயே உக்காந்து பேசிப் பேசி அழுதோம். இன்னிக்கு நான் வேலைக்குப் போனப்புறம் உக்காந்து இத எழுதிச்சு. அதான் ஸ்கூலுக்கு வரல. கோச்சிக்காதீங்க."

"நான் எதுக்குங்க கோச்சிக்கப் போறேன்?" என்றேன்.

"அந்தத் தம்பி யாரு? கேள்வி கேட்டுதே, அது?"

நந்தகுமார் சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தான். மைதானத்தில் அவனுக்காகப் பையன்கள் கிரிக்கெட் பேட்டை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். வந்தவன் அம்சவல்லியைப் பார்த்ததும், திட்டு வாங்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வா தம்பி" என்றார் அம்சவல்லி. அவன் வந்தான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தவிப்பது முகத்தில் தெரிந்தது.

"டீச்சர், எம்பொண்ணு தன் பேர்ல பழியப் போட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு இப்பதான் எனக்குத் தெரியுது. நான் என் பேர்ல போட்டுக்கிட்டு இருக்கேன். அவரு போனதுக்கு நான்தான் காரணம்னு. இன்னிவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால சொன்னா, இந்தத் தம்பி கேக்குமா? எங்கயாச்சும் இடிக்குதான்னு பாத்துச் சொல்லுமா?"

செல்வநாயகி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைதானத்தில் நந்தகுமாரின் பெயரைச் சொல்லி இன்னொரு தடவை கத்தினார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளில் இருந்த பையை இறக்கிக் கீழே வைத்தான். முதல் பெஞ்சை இழுத்து, மேலே இருந்த தூசியைக் கையால் தட்டிவிட்டு, "உக்காருங்கம்மா" என்றான். அவர் உட்கார்ந்த பிறகு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

என் பஸ் போய்விடும். போகட்டும், அடுத்த பஸ் இல்லாமலா போகும்?

"மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றான் நந்தகுமார். அம்சவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார்.